இரண்டாம் பக்கம், மூன்றாவது

உறை இல்லாமல்தான் கிடைத்தது.
பல்லாவரம் வெள்ளிச் சந்தையில்
பழைய இஸ்திரிப் பெட்டிக்கும் சாவி போன டைப்ரைட்டருக்கும் நடுவில்
நூற்றிருபது சொன்னான், எண்பதுக்கு விட்டான்.
நடு லேபிளில் மழையோ தேநீரோ ஊறிப்போய்
பெயர்கள் அழிந்திருந்தன.
மிச்சம் ஒரு ‘ஸ்டீரியோ’, ஒரு 1976.

யார் வாசித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.
நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.
டிரம்ஸ்காரன் தண்ணி லாரி.
பேஸ் வாசிப்பவன் மாடிப்படி,
இறங்கிக்கொண்டே இருப்பான், தரையே வராது.
சாக்ஸபோனுக்கு ஜெரால்டின் வைத்த பெயர்
‘என் முதல் புருஷன்’.
பேச வேண்டிய இடத்தில் மூச்சை இழுத்து
நிறுத்திக்கொள்வானாம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை.
புரசைவாக்கம் தாணா தெருவில்
மன்சூரின் ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி இறங்கும்.
குனிந்து நுழைவோம்:
பல்செட் வார்க்கும் நான்,
ரயில்வே கவுண்டரில் நாளெல்லாம்
‘வெயிட்டிங் லிஸ்ட்தாங்க’ என்று சொல்லிக் களைத்த ஜெரால்டின்,
துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணும் தணிகாசலம்.
லேமினேஷன் மெஷினின் சூடு ஆறாத மேஜைமேல்
தட்டு சுற்ற ஆரம்பிக்கும்.

முதல் பக்கமும் நல்ல பக்கம்தான்.
கிடார்காரன் கொஞ்சம் அதிகம் பேசுவான், மன்னித்துவிடுவோம்.
வந்தது அதற்கில்லை.

இரண்டாம் பக்கம், மூன்றாவது.
கீபோர்டு முதலில்,
ஈரத் தரையில் செருப்பு வழுக்குகிற மாதிரி.
அப்புறம் மாடிப்படி.
விரலால் இல்லை, கட்டைவிரல் எலும்பால் அடிக்கிறான்.
இரண்டு சுற்று ஒழுங்காக அடித்துவிட்டு
மூன்றாவதில் முதல் அடியை விட்டுவிடுவான்.
சும்மா விடுவான்.
அங்கே ஒன்றுமே இருக்காது.
அந்த ஒன்றுமில்லாத இடத்தில்
நாலு கழுத்தும் ஒரே நேரத்தில் முன்னால் விழும்.

ஏழா எட்டா என்று எட்டு மாதமாகச் சண்டை.
நான் தொடையில் தட்டி தகிட தகதிமி என்பேன்.
‘எட்டுதான், நீ ஒண்ண முழுங்குற’ என்பான் மன்சூர்.
தணிகாசலம் எண்ணமாட்டான்.
எண்ணுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறானாம்.
ஒருநாள் திடீரென்று,
‘இது எங்க காசிமேட்டு சாவு அடிடா’ என்றான்.
சிரித்தோம்.
அவன் ஏ-ஃபோர் தாள் கட்டைக் கவிழ்த்துப் போட்டு
இரண்டு விரலால் அடித்துக் காட்டினான்.
அச்சு அசல். விட்ட அடி உட்பட.
‘அந்த எடத்துலதான் பாடிய தோள் மாத்துவாங்க.’

பாட்டு முடிந்தது.
ஊசி நடுவில் போய் உரசிக்கொண்டே இருந்தது,
தூக்கிவைக்க யாரும் எழவில்லை.

போன வாரம் ஷட்டருக்குக் கீழே
முதலில் இரண்டு கொலுசு இல்லாத கால்கள்,
பிறகு குனிந்த ஒரு முகம்.
‘அண்ணா, நாளைக்குக் காலைல எக்ஸாம்,
ஹால் டிக்கெட் ஒரே ஒரு காப்பி.’
கடை மூடியாச்சு என்று சொல்ல வாயெடுத்த மன்சூர்
மெஷினைப் போட்டுவிட்டான்.
மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தான்.
பச்சை வெளிச்சம் தாளுக்கு அடியில் போய் வந்தது.
அவள் பையை மார்போடு அணைத்தபடி
சுவரிலிருந்த ஆதார், பான், பாஸ்போர்ட் போட்டோ விலைப்பட்டியலைப்
படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிக்கவில்லை.
ஒன்றாவது சுற்று. இரண்டாவது.
நாங்கள் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
தப்புதான்.

விழுந்தது.

‘ஐயோ’ என்றாள், படியில் கால் தவறியவள்போல.
பிறகு தானே சிரித்து,
‘யாருண்ணா இது வாசிக்கிறது?’

நாலு பேரும் ஒரே குரலில்,
‘மாடிப்படி.’

தெரிந்த பெயர்தான் என்பதுபோலத் தலையாட்டி
இரண்டு ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுக்
குனிந்து வெளியே போனாள்.
ஒரிஜினலை மெஷினிலேயே விட்டுவிட்டாள் என்று
தணிகாசலம் கத்திக்கொண்டு ஓடினான்.